உள்ளானுக்குக் கொடி நட்டவர்

கவுஞ்சிச் சதுப்பில் மரியசெல்வம் பூட்ஸ் காலைச் சேற்றிலிருந்து உருவினால், நாயுடுபுரத்தில் என் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இடையில் நாற்பது கிலோமீட்டர் மலை இருக்கிறது. ஆனால் வரப்பில் நின்று கேட்டவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள். எருமை கழுநீர் குடிக்கிற ஓசை அது. அந்த ஓசையோடு நடந்துகொண்டே, உதட்டில் விரல் வைத்து, வாய் திறவாத நம்மைப் பார்த்து, "ஷ்ஷ்... பேர்ட்ஸ் டிஸ்டர்ப் ஆகும்" என்பார்.

கொடைக்கானல் பறவைச் சங்கம் ஒன்று 1983-இல் அவரை ஈரநில அலுவலராக நியமித்தது. வேலை எளிது. ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து, நீண்ட அலகைச் சேற்றில் குத்திப் புழு தின்னும் உள்ளான்கள் பங்குனியில் திரும்பும்வரை, விவசாயிகள் சதுப்பில் வடிகால் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு தொப்பி, ஒரு பைனாகுலர், பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று ஃபைல். பைனாகுலர் எந்நேரமும் கழுத்தில் தொங்குவதால் அதன் பெட்டியில் அவித்த வேர்க்கடலை. விவசாயிகளுக்கு அவர் தரும் விளக்கம் பாதி ஆங்கிலத்தில் இருக்கும், மீதி இருமலில்.

அந்தச் சதுப்பு வீரம்மாளின் பூண்டுக் காட்டுக்குக் கீழே கிடந்தது. பட்டாவும் அவள் பேரில். தண்ணீரை வடித்துவிட்டால் இன்னும் அரை ஏக்கர் பூண்டு போடலாம். கார்த்திகையில் இவர் அவளுக்கு வகுப்பெடுத்த அன்று, சங்கத்து உறுப்பினர் என்ற முறையில் நானும் இருந்தேன்.

"இது வெட்லேண்டும்மா. தண்ணியப் புடிச்சு வச்சுக்கிற மெத்தை மாதிரி."

"குருவிக்கு மெத்தை, எனக்குக் கோணிச்சாக்கா சார்?"

மரியசெல்வம் ஃபைலைப் புரட்டினார். கடைசியில் வீரம்மாளே கெடு வைத்தாள்.

"தை பொறந்து அஞ்சு நாளு பாப்பேன். ஒங்க உள்ளான் இங்கன நின்னுச்சுன்னா இந்த வருசம் மம்பட்டியத் தொடல. நிக்கலையா, ஆறாம் நாளு வெள்ளனே வாய்க்கா வெட்டிருவேன்."

அன்றைக்குச் சதுப்பு நிறைய உள்ளான்கள். இவர் சும்மா இருந்தாலே ஜெயித்திருப்பார். சும்மா இருப்பதற்கா சங்கம் சம்பளம் தருகிறது? மூங்கில் குச்சி நாற்பது வெட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புத் துணி கட்டி, உள்ளான் மேய்கிற இடமெல்லாம் ஊன்றினார். "யாரும் மிதிச்சிரக் கூடாதுல்ல, அதுக்கு மார்க்கிங்." மலைக்காற்றில் நாற்பது துணியும் படபடத்தன. மறுநாள் சதுப்பில் உள்ளான் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

வீரம்மாள் வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பட்டாணிக் காட்டுல குருவி எறங்கக் கூடாதுன்னு நாங்க துணி கட்டுவோம் சார். அதே சோலிய நீங்க எனக்குக் கூலியில்லாமப் பாத்துட்டீங்களே!"

"இது சயின்டிஃபிக் மெத்தடும்மா," என்றார். முகம் அந்தத் துணிகளின் நிறத்துக்கு வந்திருந்தது.

மார்கழி முழுக்கக் கொடிகள் ஆடின. தை பிறந்தும் ஆடின. ஐந்தாம் நாள் சாயங்காலம், ஒரு கொடிகூட இல்லாத சதுப்பில் ஏழு உள்ளான்கள் வந்து இறங்கின. வீரம்மாள் சொன்ன சொல் தவறாமல் மண்வெட்டியைப் பரணில் போட்டாள். குச்சிகளைப் பிடுங்கி அந்த மனிதரைக் கரையேற்றியவளும் அவள்தான். சிரித்துச் சிரித்தே இரக்கம் வந்திருக்கும். சங்கத்துக்கு மரியசெல்வம் அனுப்பிய அறிக்கையிலோ, 'கொடிகள் அகற்றப்பட்டன' என்று ஒற்றை வரி. அகற்றியது யாரென்று எழுத அவருக்குக் கை வரவில்லை.

இதுவரை எழுதியதை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவந்த வழியில் என் வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்த வீரம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க புடுங்குனேம்மா? ஆறாம் நாளு எப்ப வரும்னு கெடந்தவ நானு. அந்த மனுசனேதான் புடுங்குனாரு. நாலாம் நாளு, வெள்ளனே."

"அவரா? பூட்ஸ் சத்தம் ஊரையே எழுப்பியிருக்குமே!"

"பூட்ஸு வரப்புல கெடந்துச்சு. புல்லெல்லாம் வெள்ளையாப் பனி ஒறஞ்சு கெடக்கு. வெறுங்காலோட எறங்கி ஒண்ணொண்ணா உருவுனாரும்மா, சத்தமில்லாம. நாப்பதையும் உருவிட்டுக் கரையேறி, அதுல ரெண்டு துணிய அவுத்து ரெண்டு காலையும் சுத்திக்கிட்டாரு. அப்பத்தான் நான் நிக்கிறதப் பாத்தாரு. வெரல எடுத்து ஒதட்டுல வச்சாரு."