சூசையப்பர் சாப்பாட்டுக்கு மூன்று பேர்

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் பகுதியில் மூன்று பேரைத் தேட ஆரம்பிப்பார்கள். வயதான ஒருவர், ஒரு பெண், ஒரு குழந்தை. மூவரும் ஏழைகளாக இருக்க வேண்டும். ஒரே குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து, பாதம் கழுவி, பாயில் உட்காரவைத்து இலை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் அந்த முதியவர் சூசையப்பர், அந்தப் பெண் மாதா, அந்தக் குழந்தை பாலன் இயேசு. அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டுக்காரர்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது.

இப்போது எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில், ‘மூணு பேர் கிடைச்சாச்சா?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது முப்பது சேர்ந்து ஜெபிக்கிற கூட்டத்துக்குத்தான் அன்பியம் என்று பெயர். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்த சாப்பாடு நினைவுக்கு வரும்.

அப்போது நாங்கள் பாலக்கரையில் ஓர் அறையும் அடுப்படியும் மட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். பெரிய கம்பெனிகளிலிருந்து ஆர்டர் வந்தால்தான் அந்தப் பட்டறைக்கு வேலை. அந்த வருடம் ஆர்டர் நின்றுபோய்ப் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். என்னிடம் அப்பா லீவில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் அரியமங்கலம், ஒரு நாள் உறையூர், ஒரு நாள் ஸ்ரீரங்கம் என்று போவார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். லீவில் ஊர் சுற்றுகிறார் என்று நினைத்தேன். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போவதில்லை என்பதுதான் என் குறை.

சூசையப்பர் தச்சு வேலை செய்தவர், உழைப்பாளிகளின் பாதுகாவலர். அப்பாவுக்கு மறுபடியும் வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா அவருக்கு மூன்று பேர் சாப்பாடு நேர்ந்துகொண்டார்.

வழக்கமாகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள். மார்ச் மாதத்தில் அவர்களுக்கு ஏகக் கிராக்கி. ஒரே நாளில் இரண்டு வீடுகளில் சூசையப்பராக உட்கார்ந்த பெரியவர்கூட உண்டு. அந்த வருடம் புதிதாக வந்த பங்குச்சாமியார் பூசையில் வேறு மாதிரி பேசினார். கடல் தாண்டி ஓடி வந்தவர்கள் நம் ஊரிலேயே முகாமில் இருக்கிறார்கள், சூசையப்பரும் மாதாவும் பாலனும் அப்படித்தான் எகிப்துக்கு ஓடினார்கள், இந்த முறை நேர்ச்சைச் சாப்பாட்டுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். அவர்களோடு கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றும் சொன்னார். எங்கள் அன்பியத்துக்குத் தலைவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், பொன்மலையில் ரயில்வே வேலை. சாமியார் முதலில் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். கூட உட்கார்ந்து சாப்பிடுவது முறையில்லை என்று விட்டுவிட்டார்.

சூசையப்பர் திருநாளன்று காலையில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மூன்று பேரை அப்பா டவுன் பஸ்ஸில் அழைத்துவந்தார். மன்னார்ப் பக்கத்துக்காரர்கள். ஒரு பெரியவர், அவருடைய மகள், மகளின் பையன். அந்த அக்கா துவைத்து மடித்த பருத்திச் சேலை கட்டியிருந்தார். பையனுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பாலனாக உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாலனுக்குத்தான் முதலில் காலைக் கழுவுவார்கள், பாயசமும் இரண்டு முறை ஊற்றுவார்கள். பெண்பிள்ளை பாலனாக உட்காரலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டதற்கு, “மொதல்ல வேற வீட்டுல போய்ப் பொறந்துட்டு வா” என்று சிரித்தார்.

கால் கழுவி, ஜெபம் சொல்லி முடிந்தது. பெரியப்பா நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குச் சட்டம் சொன்னார்.

“அவங்களா போதும்னு சொல்ற வரைக்கும் கரண்டியைக் கீழ வைக்கக் கூடாது, தெரியுதா? அதுக்கு முன்னாடி நிறுத்துனா நேர்ச்சை செல்லாது.”

அம்மா தலையாட்டிவிட்டுப் பரிமாற ஆரம்பித்தார். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், கடைசியில் ஊற்ற ரசமும் பாயசமும். முந்தின இரவிலிருந்து அம்மா ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் காலையில் வெறும் டீ குடித்திருந்தேன். வெந்த சோற்றின் வாசனையில் எனக்கு வயிறு சத்தம் போட்டது.

முதல் சோறு முடிந்து அம்மா இரண்டாவது முறை வைத்தபோது, அந்த அக்கா இலைக்கு மேலே கையை நீட்டி, “காணும் அக்கா” என்றார்.

அம்மா இலையைப் பார்த்தார். “என்னங்க காணோம்?”

“அப்பளம் தீர்ந்துபோச்சு பாரு. அதைத்தான் காணோம்ங்கறாங்க” என்றார் பெரியப்பா.

அம்மா ஓடிப்போய் அப்பளம் கொண்டுவந்தார். “ஐயோ, காணும் காணும்” என்றார் அந்த அக்கா.

“ரெண்டு தடவை சொல்றாங்க. பொரியலைக் காணோம். ஓரமா வைக்காத, நல்லா அள்ளி வை.”

பொரியல் வந்தது. பெரியவர் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு, “காணும் பிள்ளை, காணும்” என்றார். அவர் அப்படிக் கெஞ்சியதைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம். எல்லாம் கண்ணெதிரே இலையில் இருக்க, அதைக் காணோம் இதைக் காணோம் என்று சொன்னால் என்ன அர்த்தம்? வாய்க்கு ருசியாகக் கிடைத்ததும் ஆசை விடவில்லை என்று நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். “ரசம் இன்னும் வரலைல்ல, அதான். பெரியவர் ரசப் பிரியர் போல” என்றார்.

இலைகளில் சோறு குவிந்துகொண்டே போனது. அந்தப் பையன் நிமிர்ந்து பார்க்காமல் தின்றுகொண்டிருந்தான். அவன் தாய் முகத்தில் முதலில் இருந்த கூச்சம் போய் ஒரு மாதிரியான பயம் வந்திருந்தது. சோற்றை வீணாக்கவும் முடியாது, இதற்குமேல் சாப்பிடவும் முடியாது. கடைசியில் அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். போனவர் வரவில்லை. கரண்டி பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அக்கா எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

“அம்மாடி, எந்திரிக்கக் கூடாது! உக்காருங்க!” என்று பெரியப்பா பதறினார். அந்த அக்கா அதைக் காதில் வாங்காமல் நேரே அடுப்படிக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். அடியில் ஒட்டியிருந்த தீய்ந்த சோறு கொஞ்சம்தான். அந்த அக்கா பானையைப் பார்த்தார். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் அடுப்படியில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. பார்த்து முடிக்க நேரமும் ஆகவில்லை.

“உங்களுக்கு?” என்று கேட்டார்.

“நாங்க அப்புறமா... எங்களுக்கு வேற இருக்குங்க” என்றார் அம்மா.

“அக்கா, காணும் எண்டால் எங்கட ஊரில போதும் எண்டு அர்த்தம்.”

அம்மா பானையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அக்கா சிரிக்கவில்லை. இடது கையால் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

விஷயம் தெரிந்ததும் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “போதும்னா போதும்னே சொல்லியிருக்கலாமே, தாயே!”

“என்னத்தைக் காணோம் எண்டு நீங்கள் ஒருக்கா எங்களிட்டக் கேட்டிருக்கலாமே, ஐயா” என்றார் அந்த அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா வாசல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு அந்த அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்று இலைகளிலும் கை படாமல் குவிந்திருந்த சோற்றையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து, மகனுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து, “வா பிள்ளை, இரு” என்று பாயில் இடம் காட்டினார். வீட்டுக்காரர்கள் இப்போது சாப்பிடக் கூடாது என்று பெரியப்பா ஆரம்பித்தார். “பாலன் தனிய இருந்து சாப்பிட மாட்டான், ஐயா” என்று அந்த அக்கா சொன்னதும் பெரியப்பா சட்டத்தில் அதற்கு விடை தேட ஆரம்பித்தார். அதற்குள் நான் பாதிச் சோற்றை முடித்துவிட்டேன். அந்தப் பையனே தன் பாயசத்தில் பாதியை எனக்குத் தள்ளினான். அவனைப் பற்றிய என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

புறப்படும்போது அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வாற புதன்கிழமை நீங்கள் மூண்டு பேரும் எங்கட இடத்துக்கு வரவேணும். ஊரில வருசா வருசம் இந்தச் சாப்பாடு குடுக்கிறனாங்கள். இங்க வந்த பிறகு ஒருக்காலும் குடுக்கேல்லை” என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “வரோங்க” என்றார்.

பெரியப்பா, “அப்ப நான்?” என்று கேட்டார்.

“மூண்டு பேர்தான், ஐயா.”

எனக்கு அந்த ஒரு வாரமும் தூக்கம் கொள்ளவில்லை. மூன்று பேர் என்றால் அப்பா சூசையப்பர், அம்மா மாதா. அப்படியானால் பாலன் யார் என்று கேட்கவே வேண்டாம்.

அந்தப் புதன்கிழமை, ஞாயிறு பூசைக்குப் போடும் பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முகாமில் அவர்களுடைய இடம் எங்கள் வீட்டைவிடச் சிறியது. பக்கத்துக் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் நடுவே தார்ப்பாய்தான் சுவர். கீழே பாய் விரித்து, மூன்று இலை போட்டிருந்தார்கள். முதலில் என் காலைக் கழுவினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவின் முறை வந்தபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவர் பாதத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கும்.

“வேண்டாங்க. நீங்க வயசுல பெரியவங்க.”

“காலைத் தாங்கோ தம்பி. இண்டைக்கு நீங்கள்தான் சூசையப்பர்” என்றார் பெரியவர். குந்தி உட்கார்ந்து, காத்திருந்தார். அப்பா கடைசியில் காலை நீட்டினார்.

முகாமில் கொடுக்கிற ரேஷன் அரிசிச் சோறு. அதற்கு ஊற்றிக்கொள்ளத் தேங்காய்ப்பாலில் மஞ்சளாக ஒரு குழம்பு, சொதி என்றார்கள். தொட்டுக்கொள்ளச் சிவப்பாக அரைத்த தேங்காய்ச் சம்பல். நான் வயிறு முட்டத் தின்றுவிட்டு, “காணும்!” என்று உரக்கச் சொன்னேன். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது. அம்மாவும் மெல்ல, “காணும்” என்றார்.

அப்பா மட்டும் காணும் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. அந்த அக்கா வைத்துக்கொண்டே இருந்தார். அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் எப்போது கேட்டாலும் பசியில்லை, வெளியில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்கிறவர். அவருக்குச் சொதி அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டிலும் அதைச் செய்யும்படி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் கிடைத்தது. “நம்ம அன்பியத்துல இத்தனை வீடு இருக்கு. நம்மளை மட்டும்தானேப்பா கூப்பிட்டாங்க?” என்று முன் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி கேட்டேன்.

“மெதுவாப் பேசுடி” என்றார் அம்மா.

“ஆமா, நம்மளைத்தான் கூப்பிட்டாங்க” என்றார் அப்பா.

அப்பாவின் லீவு மழைக்காலம்வரை நீண்டது. எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. சூசையப்பர் சாப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. முகாமுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் நான் பாலனாக உட்கார்ந்த கதையை எல்லோருக்கும் சொன்னேன். பெரியப்பா மகள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லையே என்று எனக்கு அவளைப் பார்க்க மிகவும் பாவமாக இருந்தது.