முட்டை வண்டியை நேராக்கியவள்

நூல்காரி என்று பெயரைக் கேட்டுவிட்டு, கிழிந்த சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அவள் நூல் பிடிப்பது துணிக்கு அல்ல, வண்டிச் சக்கரத்துக்கு. வண்டியின் இரண்டு பக்கமும் மீன்பிடி நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவாள். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு அதன் திமிரை அடக்குவாள்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது ஸ்பானருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவள்தான். மாமனாருக்கும் புருஷனுக்கும் வாசலிலேயே பட்டறை. மாமனார் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிடுவார். பதினோரு வருஷம் அந்த மறுமுனையைப் பிடித்தாள். வாயைத் திறக்கவில்லை. கண்ணை யாரால் மூட முடியும்? மாமனார் சரி என்று சொல்லி அனுப்பிய வண்டிகளில் பாதி சரியில்லை என்பது மறுமுனையில் இருந்தவளுக்குத் தெரியும்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். புருஷன் தங்கமான மனுஷன், பிரேக்கிலும் வெல்டிங்கிலும் கெட்டிக்காரன், ஆனால் நூலைப் பார்த்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் கொட்டாவி விடுவான். அதனால் இரண்டு முனையையும் இவளே எடுத்துக்கொண்டாள். எண் எழுதிய அளவுகோலை அவள் தொடுவதில்லை. முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஒரு தீக்குச்சி கனம் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. அந்தத் தீக்குச்சிக் கணக்கை நம்பி எத்தனையோ டிரைவர்கள் குடும்பத்தோடு பயணம் போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவளிடம் சொந்த அக்காவே கடைசியில்தான் வந்தாள்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கக் கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றி, கடைகடையாகப் போடுகிறவள். ஆற்றில் பாலம் கிடையாது, தண்ணீருக்குள் கல்லோடு கல்லாகத்தான் வண்டி இறங்கி ஏற வேண்டும். வண்டியின் அடிவயிறு கல்லில் இடித்து இரண்டு தடவை எண்ணெய்த் தொட்டி கிழிந்ததால், போன வருஷம் ஒரு கடையில் முன்பக்கத்தில் ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பியைத் திருகி வண்டியை நாலு விரல் உயர்த்திக்கொண்டாள். கல் இடிப்பது நின்றது. வண்டி நேராக ஓடுவதும் நின்றது.

கள் குடித்த ஆளைப் போல அது ரோட்டில் அலைந்தது. கம்ப்யூட்டர் வைத்த கடைகள் இரண்டில் காட்டினாள். திரையில் பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் சரி, உயர்த்திய பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், இல்லையென்றால் பழையபடி இறக்குங்கள் என்றார்கள். இறக்கினால் ஆற்றைத் தாண்ட முடியாது. ஆற்றைத் தாண்டாவிட்டால் முட்டை கிடையாது. போன மாதம் ஒரு நாள் வண்டி எதிரே வந்த பஸ் பக்கம் தானாகப் போக, திருப்பிய வேகத்தில் நாற்பது தட்டு முட்டை வண்டிக்குள்ளேயே ஆம்லெட் ஆனது. யாரோ அதை அக்கா மகனிடம் சொல்லிவிட்டார்கள்.

மகன் ஆபீஸ் வேலையில் இருப்பவன், நல்லவன். நல்ல பிள்ளைகள்தான் இந்த மாதிரி அநியாயமெல்லாம் செய்யும். சனிக்கிழமை வண்டி வாங்க ஆள் கூட்டிவருகிறேன், இனி நீ வீட்டில் காலை நீட்டி உட்கார் என்று சொல்லிவிட்டான்.

அக்கா வியாழக்கிழமை காலையில் தங்கை பட்டறையில் வந்து நின்றாள்.

"காலை நீட்டி உட்காரச் சொல்றான்டி. நீட்டினா திரும்ப மடக்க வராது எனக்கு."

"கம்ப்யூட்டர்காரன்கிட்டப் போனியே, அவன் மடக்கித் தரலையா?"

"குத்திக் காட்டறதெல்லாம் அப்புறம் வச்சுக்க. வண்டியப் பாரு."

நூல்காரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. சைக்கிளின் முன்கவை பின்னால் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. வண்டிக்கும் அந்தச் சாய்வு உண்டு. உயர்த்தியவன் சக்கரத்தைத் தாங்கும் மேல் கையின் கோணத்தை மாற்றி, சாய்வை இல்லாமல் செய்துவிட்டான். கம்ப்யூட்டர் கடைக்காரர்களோ சக்கரம் முன்னால் பார்க்கிறதா என்பதை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதைத் தொடவே இல்லை. மேல் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும். முன்போல்ட்டிலிருந்து கொஞ்சம் உருவிப் பின்போல்ட்டில் போட்டால் சாய்வு திரும்ப வரும், உயரமும் குறையாது.

அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துத்தான் அளந்தாள். ஓடும்போது இருக்கிற பாரம் அளக்கும்போதும் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

"எவ்வளவு நேரம்டி உட்காரணும்?"

"உன் உடம்பும் வண்டியில ஒரு பாகம்தான். எஞ்சின் மாதிரி சும்மா இரு."

"எஞ்சினுக்காவது எண்ணெய் ஊத்துவாங்க. எனக்கு ஒரு வாய் டீ கூட இல்ல."

தகடு மாற்றி, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுச் சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில் தீக்குச்சிக் கணக்கும் முடிந்தது. சாயங்காலம் வண்டியை எடுத்துப் போன அக்கா அரை மணியில் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. அலைச்சல் போய்விட்டது, ஆனால் இப்போது ஒரே பிடியாக வலது பக்கம் இழுக்கிறது என்றாள். நூல்காரி தானே ஓட்டிப் பார்த்தாள். அக்கா சொன்னது குறைவு.

அத்தனை வருஷத்தில் அவள் கைப்பட்ட வண்டி இப்படித் திரும்பி வந்ததில்லை. கம்ப்யூட்டர்காரன் சொன்னதுதான் உண்மையோ, உயர்த்திய வண்டிக்கு விமோசனமே இல்லையோ என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாத் தகட்டையும் திரும்ப எண்ணினாள். தப்பில்லை. நூலில் தப்பில்லை. குண்டில் தப்பில்லை. வெறுத்துப்போய்ப் பட்டறைக் குழாயடியில் கை கழுவினாள். சோப்புத் தண்ணீர் தரையில் விழுந்து, யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று சுவரோரச் சாக்கடைக்கு ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம்தான் புருஷன் பட்டறைக்குப் புதிதாகச் சிமென்ட் தரை போட்டிருந்தான். மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது என்று இடது சுவர்ப் பக்கம் பார்த்துச் சரிவு வைத்து, பார்க்கிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்த தரை. பழைய தரை குண்டும் குழியுமாக இருந்தாலும் அவள் வண்டி நிறுத்தும் இடம் மட்டும் கண்ணாடி போல மட்டம். அந்தப் பழக்கத்தில், புதுத்தரை போட்ட பிறகு சக்கரம் பார்க்க வந்த முதல் வண்டியையும் அதே இடத்தில் நிறுத்திவிட்டாள். வண்டியே இடது பக்கம் சாய்ந்து நிற்கும்போது சக்கரத்தைக் குண்டுக்கு நேராக்கினால், மட்டமான ரோட்டுக்குப் போனதும் இரண்டு சக்கரமும் வலது பக்கம்தானே சாயும்?

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தரையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். நாலு வார்த்தை திட்டப்போகிறாள் என்று காத்திருந்தவனிடம், மட்டக் குழாயை எடுத்து வா என்று மட்டும் சொன்னாள். தரையில் தப்பில்லை. தண்ணீருக்காகப் போட்ட தரை, தண்ணீரை ஓட்டுகிறது. பார்க்காமல் நிறுத்தியது இவள்தான்.

அக்காவிடமும் மறைக்கவில்லை. "தப்பு என்னுது. தரையப் பார்க்காம வண்டியப் பார்த்துட்டேன். ஏறி உக்காரு" என்றாள். சனிக்கிழமைக்கு ஒரு நாள்கூட இல்லை என்று தெரிந்தும் அக்கா ஏறி உட்கார்ந்தாள். வாயாடிகள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒரு சக்கரத்தடியில் புருஷன் பிடித்தான், மறுமுனையை இன்னொரு சக்கரத்தடியில் இவள் பிடித்தாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் தரை ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை விடவில்லை. முன்சக்கரத்து ஓடுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவினாள். அப்போதுதான் ஜாக்கியிலிருந்து இறக்கும்போது டயர் தரையைக் கவ்வாமல் வழுக்கி, வண்டி தன் இயல்பில் உட்காரும். மறுபடி குண்டு, மறுபடி தகடு, மறுபடி நூல். வெயில் இறங்குவதற்குள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அளந்தது எதற்கு?

சனிக்கிழமை மகன் ஆளோடு பட்டறைக்கே வந்தான். வந்தவர் மரக்கடைக்காரர், வண்டிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினார். அக்கா பக்கத்துச் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மகனும் நூல்காரியும் பின்னால் முட்டை ஏற்றும் இடத்தில் ஏறி நின்றார்கள். ஊருக்கு வெளியே நேராக நீண்டு கிடந்த ரோட்டில் மரக்கடைக்காரர் வேகம் பிடித்தார். பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தார். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. ஆற்றில் இறங்கினார், ஏறினார். கல் ஒன்றுகூட அடியில் படவில்லை. அக்கரையில் நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கினார், மற்றவர்களும் இறங்கினார்கள்.

"உயர்த்தின வண்டி இப்படி ஓடி நான் பார்த்ததில்லம்மா. இன்னைக்கே எடுத்துக்கறேன்."

மகன் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் கையிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள்.

"ஓட்டிப் பார்க்கத்தான் கொடுத்தேன். விக்கறேன்னு யாரு சொன்னா?"

மரக்கடைக்காரர் மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்தான். அக்கா அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது புரிந்தது. புரியாமல் போகும் அளவுக்கு அவள் அவனை முட்டாளாக வளர்க்கவில்லை. மரக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் நிற்கும் தன் இரண்டு வண்டிகளை யாரிடம் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தங்கையைக் காட்டினாள். "வேற யாரு? இவதான். என் தங்கச்சி."

பிறந்ததிலிருந்து அக்கா அவளை ஊரார் முன்னால் புகழ்ந்ததே இல்லை. நூல்காரி கையிலிருந்த கிரீஸைப் புடவையில் துடைத்தாள்.

மரக்கடைக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். மகன் முன்சீட்டில் ஏறப்போனான்.

"வந்ததுதான் வந்தோம், பண்ணையில முட்டை ஏத்திட்டுப் போலாம். நீ பின்னாடி போய்த் தட்டைப் பிடிச்சுக்கடா" என்றாள் அக்கா. "இது உன் சித்தி சீட்டு."