சிவப்பே விழாத நாளை நம்பாத ஷாகுல் பாய்

ஷாகுல் பாய் போய்விட்டாராம்... காலையில் பழைய ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன். நம்பவில்லை. உயிரோடு இருப்பவருக்கே ஒரு தடவை அஞ்சலி போட்ட குரூப் அது.

பாலக்கரையில் அவர் வீட்டுக்கே போன் போட்டேன். மகன் எடுத்தார். "உண்மைதாங்க... ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போனோம். அத்தா எந்திரிக்கல."

தென்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு, நான் ரிப்போர்ட் கவுண்ட்டர்.

சரியான சந்தேகப் பேர்வழி. லிஃப்ட்டை நம்பமாட்டார், படிதான். கேன்டீன் டீயை முகர்ந்து பார்க்காமல் குடித்ததே இல்லை.

ரிசல்ட் எல்லாம் சேருகிற டேட்டாபேஸ் சர்வருக்குள் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு துணை புரோகிராம் ஓடும். ரிசல்ட் ஆபத்தான அளவில் இருந்தால் சிவப்புக் குறி போடுவது அதன் வேலை. சிவப்பு விழுந்தால்தான் டாக்டருக்கு போன் போகும்.

அது ஓடுகிறதா என்று காட்ட சுவரில் ஒரு ஸ்கிரீன். பச்சை என்றால் ஓடுகிறது... அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் என் அப்பாவின் ரத்தம் டெஸ்ட்டுக்கு வந்திருந்தது. கிட்னி பிரச்சனை. ரிப்போர்ட்டில் சிவப்பு இல்லை. ரங்கநாதா என்று பையில் வைக்கப் போனேன், பாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஒரு சிவப்பு கூட விழல மேடம். திருச்சில எல்லாருக்கும் ஒரே நாள்ல உடம்பு சரியாயிடுச்சா?"

"ஸ்கிரீன் பச்சையாத்தானே இருக்கு பாய்?"

"அதாங்க எனக்கு இடிக்குது."

எனக்குக் கோபம். இவரே எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டு நடிக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

நேராக சர்வருக்குள் போய் ஸ்டேட்டஸ் பார்த்தார். எக்ஸ்டென்ஷன் எப்போதோ நின்றுபோயிருக்கிறது.

அதைக் கண்காணித்து ஸ்கிரீனுக்கு நிறம் அனுப்புகிற ஸ்கிரிப்ட்டையும் எந்தப் புண்ணியவானோ அதே எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே ஓட விட்டிருக்கிறான். அது படுத்ததும் இதுவும் படுத்துவிட்டது. கடைசியாகக் காட்டிய பச்சை மட்டும் ஸ்கிரீனில் அப்படியே...

திரும்ப ஓடவிட்டார். அப்பாவின் பொட்டாசியம் சிவப்பில் வந்தது. அது அந்த அளவுக்கு ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று கவுண்ட்டரில் இருக்கிற எனக்கே தெரியும்.

டாக்டருக்கு பாயே போன் போட்டார். அன்றைக்கே அட்மிட் செய்தோம், அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும்போது பாய் போன செய்தியை அப்பாவிடம் சொன்னேன். வெயிலாக இருக்கிறது, நீங்கள் வரவேண்டாம், நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"நீ ஆட்டோவைக் கூப்டு" என்றார். சட்டை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் போய் நிற்கிறார்.

அப்பாவும் வருகிறார் பாய்...