குதிக்கத் தெரியாத பாட்டுக்காரன்

இது சத்தியமாய் நடந்த கதை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சரி சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். இழுபடாத சவ்வுமிட்டாயை எவன் வாங்குவான்?

எம். புதுப்பட்டி மாரிக்கண்ணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். அந்த அறைக்குள் ஒரே ஆள்தான் இருக்கலாம். செருப்பு கூடாது, காலைத் தரையில் தேய்க்கக் கூடாது, வெடுக்கென்று திரும்பக் கூடாது. பதினெட்டு வருடம் அப்படியே இருந்து பழகியதில், அவன் நடந்து வந்தால் எறும்புகூட ஒதுங்காது. காலையில் தும்மல் வந்தால் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போய்த்தான் தும்முவான்.

வீட்டிலும் ஒரே ஆள்தான். தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தார்கள், கல்யாணம் அமையவில்லை. பேச ஆள் இல்லாமல் பாட்டுக் கட்டினான். முந்நூறு பாட்டு. முப்பதுதான் என்பார்கள் சிலர், அவர்களை விடுங்கள். அதைக் கேட்டதெல்லாம் மருந்து அறையின் நாலு சுவர்தான்.

ராஜபாண்டியனின் பாட்டுக் கச்சேரிக் குழுவில் அவன் கோரஸ். எந்த ஊருக்குப் போனாலும் சினிமாப் பாட்டுதான். 2006-இல் தாயில்பட்டிப் பொங்கல் கச்சேரிக்கு முந்தின வாரம், வாய்விட்டுக் கேட்டே விட்டான்.

“அண்ணாச்சி, எம் பாட்டு ஒண்ணு...”

“பாட்டுக்குக் குறையில்லலே. நீ நிக்கிற நிப்புதான். கரண்டுக் கம்பமாவது காத்துக்கு ஆடும். சனம் காதால மட்டுமா கேக்கு? கண்ணாலயும்ல கேக்கு! ரெண்டாவது அடியில ஒரு குதி குதிக்கணும். கூட்டம் உக்காந்து கேட்டுச்சுன்னா இனி எல்லாக் கச்சேரியிலயும் ஒனக்கு ஒரு பாட்டு. கலைஞ்சுச்சுன்னா காலத்துக்கும் கோரஸ்தான்.”

ஆறு நாள் வீட்டுக்குள் குதித்துப் பழகினான். ஒருநாள் கதவைத் திறந்தே வைத்தான், யாராவது பார்த்துச் சிரிக்கட்டுமே என்று. ஆடு ஒன்று எட்டிப் பார்த்தது. அதுவும் நிற்கவில்லை.

கச்சேரியன்று மினுமினுச் சட்டையில் மைக்கைப் பிடித்தான்.

“ஊருக்கெல்லாம் வெளிச்சத்தைக் கட்டியனுப்புறேன் லோடுல,
ஒத்தத் திரி மிஞ்சினாப் பத்தவைப்பேன் ஆளில்லாத வீட்டுல...”

பின்வரிசை எழுந்து வேட்டியைத் தட்டியது. ராஜபாண்டியன் கீபோர்டிலிருந்தே கண்ணைக் காட்டினான். மாரிக்கண்ணன் காலைத் தூக்கினான். தூக்கின கால் பலகையைத் தொடுமுன்னே பதினெட்டு வருடத்துப் பயம் அதைப் பிடித்துக்கொண்டது. பூனைக்கால் மாதிரி மெல்ல இறங்கியது. அடுத்த காலும் அப்படியே. குதிக்க வேண்டியவன், மருந்து அறைக்குள் நடப்பதுபோல மேடையில் நடந்தான்.

முதலில் சிரிப்பு. பிறகு முன்வரிசையில் சரவெடி பின்னுகிற சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே இருந்ததில் பாதிப் பேர் தினமும் நடக்கிற நடை அது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டு முடியும்வரை ஒரு கடலைகூட உரிபடவில்லை.

“ஒனக்கு இனி ஒரு பாட்டு உண்டுலே,” என்றான் ராஜபாண்டியன்.

“இன்னொருக்கப் பாடுங்க!” என்று கத்தினாள் சண்முகத்தாய்.

“போதும்த்தா!” என்றான் பின்னாலிருந்த வெள்ளைத்துரை. அவனும் பட்டாசுக் கம்பெனி ஆள்தான். “வாரத்துல ஆறு நாளு இதே நடைதான். ஏளாம் நாளும் இதையே பாக்கவா வந்தோம்? சினிமாப் பாட்டு போடச் சொல்லு!”

“ஒமக்கு இடுப்பாட்டுறவ வேணும். ஒம்ம பொண்டாட்டிகிட்டச் சொல்லவா?”

“சொல்லுத்தா பாப்போம்!”

அவளுக்கு ஒரு கட்சி, அவனுக்கு ஒரு கட்சி. நாற்காலிகள் திரும்பின. கூட்டம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றது.

“ரெண்டும் பாடுறேன், உக்காருங்க,” என்றான் மாரிக்கண்ணன் மைக்கில். ஒருவரும் திரும்பவில்லை.

“ஏலே, கைய எடு!” என்றது கூட்டத்துக்குள் ஒரு குரல்.

“மொதல்ல நீ என் துண்ட விடுலே!” என்றது இன்னொன்று.