புலிகுத்திக் கல்லுக்கு அடியில்

கதை கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் அண்ணன் மகுடேஸ்வரனுக்குப் போன சித்திரையில், பட்டப்பகலில் நடந்தது இது.

காங்கேயத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் ஒரு புலிகுத்திக் கல் உண்டு. புலியை ஈட்டியால் குத்திக் கொன்ற எங்கள் முன்னோருக்கு நட்ட கல். கோயிலில் முதல் பரிவட்டம் எங்களுக்குக் கட்டுவது அதனால்தான். பனியன் கம்பெனிக்குப் புது ஷெட் போட, கல்லைத் தள்ளி வைத்து அண்ணன் அஸ்திவாரம் தோண்டினார். எட்டடி ஆழத்தில் புலி எலும்புகள். மண்டை ஓட்டைத் தன் கையாலேயே துடைத்துத் துணி குடோனில் வைத்தார். தொல்லியல் ஆய்வாளர் தேஜஸ்ரீயைப் பெருமையோடு அவரே வரவழைத்தார்.

அந்தப் பெண் குழிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“ஈட்டி பட்ட காயமே இல்லீங்க. கழுத்துல இரும்பு வளையம் கிடக்குது. ரோமாபுரிக்குக் கப்பல் ஏத்தப் புடிச்சு வெச்ச புலி மாதிரி இருக்குதுங்க. அங்க சனங்க வேடிக்கை பார்க்க, மிருகங்களை அரங்குல சண்டைக்கு விடுவாங்க. அப்படி ஒரு அரங்குக்குப் பக்கத்துல கிடைச்ச கரடி மண்டை ஓட்டுல, கூண்டுக் கம்பியைக் கடிச்சே பல்லு தேஞ்சிருந்துச்சு. இதோட மண்டை ஓடு எங்கீங்க?”

அடைபட்டுக் கிடந்த புலிக்கா எங்களுக்குப் பரிவட்டம்?

“கிடைக்கலீங்க,” என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். மெஷின் எதுவும் ஓடவில்லை. மண்டை ஓட்டைக் குடோனிலேயே மரப்பெட்டியில் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு அண்ணன் ஆபீசில் தனியாக இருந்தார்.

2.10. கர்ர்... கர்ர்... குடோன் பக்கம். எலி என்று நினைத்தார்.

2.17. மறுபடியும். இரும்பை எதுவோ அரைக்கிற சத்தம்.

வாசல் கேட்டிலிருந்து வாட்ச்மேன் சகாயராஜ் எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர். “மொதலாளி, உள்ள நாயைப் போட்டு அடைச்சிருக்கியளா?”

அண்ணன் எழுந்து போனார். முந்தாநாள் நீலப் பெயிண்ட் அடித்த கிரில் கதவு. பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே துணி ரோல்களும் பெட்டியும் மட்டும்.

சத்தம் நின்றது.

கம்பியைப் பிடித்தார். ஈரம்... கொழகொழவென்று...

2.21. புறங்கையில் சூடான மூச்சு.

கம்பி அதிர்ந்தது.

உள்ளிருந்து.

மறுநாள் காலையில் பெட்டியோடு தேஜஸ்ரீயிடம் போனார். “ஒளிச்சு வெச்சது நான்தானுங்க,” என்றார். யார் முன்னாலும் குனியாத தலை அது. இந்த வருஷம் பரிவட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் அண்ணனுக்குப் போன் செய்தாள். கோரைப்பற்கள் பாதிக்குத் தேய்ந்திருந்தனவாம். ஆனால் அவள் கேட்க வந்தது வேறு.

“ஏனுங்கய்யா, பல்லு இடுக்குல நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்குது. அது எப்படீங்க?”

அன்று நானும் அண்ணனும் டார்ச் அடித்து அந்தக் கிரில் கதவைப் பார்த்தோம். வெளிப்பக்கம் பெயிண்ட் அப்படியே இருந்தது.

உட்பக்கம், இடுப்பு உயரத்தில், மூன்று கம்பிகள் பளபளவென்று தேய்ந்திருந்தன.