அப்ஹில் டாஸ்க்

திருப்பதியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என் பக்கத்தில் நகரியிலிருந்து வரும் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி உட்காருவாள். ஒல்லி உடம்பு, பெரிய கண்கள். எதையும் பேசுவதற்கு முன் துப்பட்டாவுக்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள், கஷ்டமான வேலையை, மேட்டில் ஏறுவது மாதிரி என்று 'அப்ஹில் டாஸ்க்' என்பார்கள் என்று சார் சொல்லி, வாக்கியம் கேட்டார். எல்லோரும் திருமலை ஏறுவதையே சொன்னோம். அவள் எழுந்து நின்று முணுமுணுத்துப் பார்த்தாள், வாக்கியம் வரவில்லை. அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இருவரும் இன்டர்வியூ போனோம்.

"கெடைக்கலன்னா தறிக்கே வந்துடுன்னு நைனா சொல்லிட்டாருக்கா" என்றவள் உள்ளே போனாள்.

உனக்கு எது கஷ்டம் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டது வெளியே இருந்த என் காதில் விழுந்தது. துப்பட்டாவுக்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்திருப்பாள். பிறகு அவள் குரல், கணீரென்று:

"சார், டாக்கிங் இங்கிலீஷ் இஸ் மை அப்ஹில் டாஸ்க். பட் டுடே ஐ ஆம் கிளைம்பிங்!"

இங்கிலீஷ் பேசுவதுதான் அவளுக்கு மலையேற்றமாம், இன்று ஏறிக்கொண்டிருக்கிறாளாம். உள்ளே சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

"அக்கா, வேல குட்த்துட்டாங்கக்கா!" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இருந்தது ஒரே ஒரு வேலை. ஆனாலும் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.