ஏசிக்காரன் கதவைத் திறந்த மாலை

சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் கமிட்டிப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். நானோ அந்த ஹாலுக்குள் வியர்வை ஒழுக நின்றுகொண்டிருந்தேன். மீட்டர் காட்டிய சூட்டைப் பார்த்தால், கூரையை உடைத்து ஏசிக் காற்றுக்குழாய், அதாவது டக்ட், போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் எந்த ஏசிக்காரனும் சொல்லுவான். நானும் ஏசிக்காரன்தான். தூத்துக்குடியில் ஐடிஐ முடித்து விமானம் ஏறியவன். தலை நரைக்கும் வரை வளைகுடாவில் பார்த்தது ஒரே வேலை. கட்டடம் முடிந்ததும் குளிர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். கமிஷனிங் என்பார்கள்.

புஜைராவிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணம், துக்கம், வழக்கு எல்லாவற்றுக்கும் ஊர் ஆண்கள் கூடி உட்கார ஒரு மஜ்லிஸ் கட்டியிருந்தார்கள். வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் தர்ஷினி மேடம், யாழ்ப்பாணத்துக்காரர். ஏசியே கிடையாது என்று அடம்பிடித்துக் கட்டிய கூடம் அது. கனத்த கல்சுவர். ஒரு மூலையில் பர்ஜீல், அதாவது உச்சியில் நாலு பக்கமும் வாய் திறந்த காற்றுக் கோபுரம். உள்ளே பேரீச்சை நார்ப் பாய்களை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிக்காற்று ஈரப்பாயில் பட்டுக் குளிர்ந்து கீழே இறங்குமாம். படம் வரைய நன்றாகத்தான் இருக்கும், கோடை வரட்டும் பார்ப்போம் என்று எங்கள் ஏசி கம்பெனியில் கேலி பேசினோம்.

கோடையும் வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் அபு சயீத் கறாராகச் சொல்லிவிட்டார். கமிட்டி ஒரு மாலை வந்து உட்கார்ந்து பார்க்கும். புழுங்கினால் கோபுரத்தின் வாயை அடைத்துவிட்டு ஏசி போட வேண்டும். அந்த மாலைதான் இது. எங்கள் மேனேஜர் போனில் வந்தார், திருநெல்வேலிக்காரர்.

"என்னவே, ரீடிங் என்ன சொல்லுது?"

"சூடாத்தான் இருக்கு சார்."

"நான் அப்பவே சொன்னேம்லா. டக்ட் டிராயிங்க ரெடி பண்ணச் சொல்லிருதேன்."

போனை வைத்தபோது மேடம் முற்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "இண்டைக்கு இது பிழைச்சா, இனி ஒருத்தரும் எனக்கு இப்பிடி ஒண்டு கட்டத் தரமாட்டினம், அண்ணை" என்றார். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"கதவை ஆர் சாத்தினது?"

"நான்தான் மேடம். டெஸ்ட்டுன்னா கதவு, சன்னல் எல்லாம் மூடித்தான எடுக்கணும்."

எங்கள் தொழிலில் திறந்த கதவு பெரும் பாவம். நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் நான் வணக்கம் சொல்லுவேன்.

"காத்து உள்ள வாறதெண்டா, வெளிய போக ஒரு வழி வேணுமெல்லே" என்று முற்றத்துக் கதவை அகலத் திறந்து வைத்தார். "மீட்டரை எங்க பிடிச்சனீங்கள்?"

"நெஞ்சு உயரத்துல. தெர்மோஸ்டாட் மாட்டுற உயரம்."

"இஞ்ச ஆர் நிண்டுகொண்டு கதைக்கப் போகினம்? எல்லாரும் நிலத்திலதான் இருக்கப் போகினம். நீங்களும் ஒருக்கா நிலத்தில இருந்து பாருங்கோ."

வேண்டாவெறுப்பாகத்தான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தேன். முதலில் பாதத்தில் பட்டது. பிறகு முழங்கால், கை, கழுத்து. ஈர மண் வாசனையோடு ஒரு குளிர்ந்த காற்று, கோபுரத்தின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக என்னைக் கடந்து முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை, ஒரு வயர் இல்லை. வெளியே கதவுப் பிடியைத் தொட்டால் கை பொத்துப்போகும் வெயில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பெரிய சில்லர் இயந்திரங்களை ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்லை. அண்ணாந்து அந்தக் கோபுரத்தையே பார்த்தேன். ஆளில்லாத வானத்திலிருந்து யாரோ நமக்காக விசிறுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

அதற்குள் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். ஆண்கள் கூடும் இடம் என்பதால் மேடம் வெளியே முற்றத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொருவராக சலாம் சொல்லி, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவர் கதவை இழுத்துச் சாத்தினார். வீடு, கார், பள்ளிவாசல் எங்கும் ஏசி. அவருக்கும் என் பழக்கம்தான்.

காற்று நின்றது. அபு சயீத் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏசி மாஃபி... முஷ்கில் ஹை."

ஏசி இல்லாவிட்டால் கஷ்டம் என்கிறார். தர்ஷினி மேடம் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், மேனேஜரின் டிராயிங் ஜெயித்துவிடும். என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து போய், என் கையாலேயே கதவை முழுக்கத் திறந்தேன். "அர்பாப், தர்வாஸா குலா ரக்னா" என்றேன். கதவு திறந்தே இருக்கட்டும் முதலாளி என்று கெஞ்சியதுபோலத்தான் இருந்திருக்கும்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். காவா என்கிற அரபிக் காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. தலைத்துணிகளின் ஓரங்கள் மெல்ல அசையத் தொடங்கின. யாருடைய ஆடோ யாருடைய தோட்டத்திலோ மேய்ந்த வழக்கு ஒன்று கிளம்பி, பேச்சு சூடு பிடித்தது. ஏசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போன் அதிர்ந்தது. ஓரமாகப் போய் எடுத்தேன்.

"என்னவே, கமிட்டி என்ன சொல்லுது? தலைவர் என்ன சொன்னாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அபு சயீத் திண்டில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தலைவர் தூங்கிட்டாரு சார்."

"சரி, அப்போ எழுப்பாதேயும்" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? திறந்த கதவு வழியாக முற்றத்தில் நின்ற மேடத்தைப் பார்த்து, கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துத் தூக்கம் என்று சாடை காட்டினேன். அவர் அந்தக் கொதிக்கிற கல்தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அந்தக் கோபுரத்தின் வாயை யாரும் அடைக்கவில்லை. கமிஷனிங்குக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டரை எடுக்கும் முன், அங்கே ஜனங்கள் எப்படி உட்காருவார்களோ அப்படி உட்கார்ந்து பாருங்கள். கதவைச் சாத்த மட்டும் உடனே கைநீட்டாதீர்கள்.